நரசிம்மலு வளைத்த பட்டை

கோயமுத்தூர் கணபதியில் நரசிம்மலுவின் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். "அந்தச் சட்டைக்காரருங்களா?" என்பார்கள். சித்திரை வெயிலில் லேத்து ஓட்டுகிற ஆம்பளைகள் எல்லாம் வெறும் பனியனோடு, சிலபேர் அதுவும் இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற ஊர் அது. இந்த மனுசன் மட்டும் உள்ளே ரெண்டு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு நிற்பார். வேர்வை வழிந்து காலடியில் சொட்டும். கேட்டால் இரும்புத் தூள் பட்டுத் தோல் அரிக்குதுங்க என்று ஒரு பதில் வைத்திருந்தார். இருபது வருசமாக அதே பதில்தான்.

அரிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நரசிம்மலுவுக்கு நெஞ்சில் குழி. நடு நெஞ்செலும்பு உள்வாங்கி, ஒரு கோழி முட்டையை வைத்தால் உருளாமல் உட்காருகிற அளவுக்குப் பள்ளம். பிறந்தபோது லேசாகத்தான் இருந்திருக்கிறது. மீசை அரும்புகிற வயசில் ஆள் வளர வளர அதுவும் ஆழமாகிவிட்டது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டேன், அதனால்தான் என்று அவருடைய அம்மா சாகிறவரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பையன் நன்றாகத் தின்கிறான், அப்புறம் எதற்கு டாக்டர்? ஓடினால் மற்றப் பையன்களுக்கு முன்னால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்கள் வருசத்துக்கு ஒருதடவை வேன் பிடித்துக் குருவாயூர் போவார்கள். அங்கே சட்டையைக் கழற்றாமல் ஆம்பளை யாரும் உள்ளே போக முடியாது. நரசிம்மலுவும் வேனில் ஏறுவார், பாட்டுக்குத் தாளம் போடுவார், பாலக்காட்டில் எல்லாரோடும் நின்று டீ குடிப்பார். கோயில் வாசலில் இறங்கினதும், "நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க, செருப்ப நான் பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். பதினோரு தடவை குருவாயூர் போயும் சாமியைப் பார்க்காத ஆள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். திரும்பி வந்தவர்கள் சந்தனத்தைக் கொடுப்பார்கள், நெற்றியில் வைத்துக்கொள்வார்.

சாமி போகட்டும். கல்யாணம் போனதுதான் பெரிய கதை. இருபத்தாறு வயசில் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, தட்டு மாற்றி, மண்டபமும் பேசியாகிவிட்டது. பெண்ணை அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. அந்தச் சமயத்தில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம் வந்தது. நலுங்கில் மாப்பிள்ளையை வெற்றுடம்போடு மணையில் உட்காரவைத்து, அத்தைகளும் மாமன் பெண்டாட்டிகளும் கூடி நின்று நெஞ்சிலும் முதுகிலும் எண்ணெயும் மஞ்சளும் தேய்த்து, ஒருத்தி இடுப்பைக் கிள்ள, ஒருத்தி தொப்பையைத் தட்ட, வீடே சிரித்துக் கிடந்தது. நரசிம்மலு தூணோரமாக நின்று பார்த்தார். மறுநாள் காலையில் அப்பாவிடம் வந்து, எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காரணம் என்ன என்று கேட்டுக் கேட்டு அப்பா ஓய்ந்து போனார். வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி இவர் நின்றார். பெண் வீட்டார் வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. அதற்கப்புறம் அப்பா ஆறு வருசம் உயிரோடு இருந்தார், மகனோடு ஒரு பேச்சு இல்லை. சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போத்தனூர் ரயில்வே காலனியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறாளாம், வேற மதமாம், அவளுக்காகத்தான் இவன் இப்படி நிற்கிறானாம் என்று ஒரு கதை கிளம்பியது. நரசிம்மலு போத்தனூருக்குப் போனதே ரெண்டோ மூணோ தடவை, அதுவும் ரயிலேற. ஆனாலும் இல்லையென்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழியைச் சொன்னால் ஜனம் பார்க்கிற பார்வைக்கு, இல்லாத டீச்சரைச் சொல்லித் திட்டினால் தேவலை என்று நினைத்தார். அப்படியே நாற்பத்தியொன்றும் ஆகிவிட்டது. பட்டறைக்குப் பின்னால் ஒரு ரூம், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தொண்ணூற்றொன்பதாம் வருசம் மாசிமாதம் டாக்டர் நஞ்சுண்டன் பட்டறைக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஆபரேசன் செய்கிற டாக்டர். நரசிம்மலு முன்னால் அவருக்கு இடுக்கி, கொக்கி என்று சில சாமான்களை ரிப்பேர் பார்த்துக் கொடுத்திருக்கிறார். கோயமுத்தூர் பட்டறைக்காரனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. படம் வேண்டாம், கணக்கு வேண்டாம், ஒரு சாம்பிளைக் கையில் கொடுத்தால் போதும். சீமையிலிருந்து வந்த சாமானாக இருந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு நாளில் அச்சு அசலாக அதே மாதிரி பண்ணிக் கொடுத்துவிடுவான். நரசிம்மலு அதில் கெட்டிக்காரர்.

டாக்டர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினாறு வயசுப் பையன் ஒருவன், தலை தெரியாமல் நெஞ்சு மட்டும். நரசிம்மலு, தன் உடம்பை யாரோ ஒளிந்திருந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பதறினார். இல்லை, இது ஆனைமலைப் பையன் என்றார் டாக்டர். முந்நூறு நானூறு பேரில் ஒருத்தருக்கு இப்படி இருக்குமாம். நரசிம்மலு மனசுக்குள்ளேயே கணபதி ஜனத்தை எண்ணிப் பார்த்தார். அப்படியென்றால் இந்த ஊரிலேயே எத்தனை பேர் பொத்தானைப் பூட்டிக்கொண்டு திரிகிறார்கள்! இத்தனை வருசமும் உலகத்தில் தனக்கு ஒருத்தனுக்குத்தான் இது என்று நினைத்திருந்தாரே.

டாக்டர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பழைய முறையில் நெஞ்சைப் பிளந்து, குருத்தெலும்பையெல்லாம் வெட்டித் தைக்கவேண்டும், பெரிய ஆபரேசன். இப்போது வெளிநாட்டில் ஒரு புதுமுறை வந்திருக்கிறது. ரெண்டு விலாவிலும் ரெண்டு விரற்கடை வெட்டு, அவ்வளவுதான். அதன் வழியாக வில் மாதிரி வளைத்த எஃகுப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் குழிந்த பக்கம் மேலே பார்க்கச் செலுத்தி, ஒரு புரட்டுப் புரட்டினால் எலும்பு மேலே எழும்பிவிடும். ரெண்டு வருசம் பட்டை உள்ளேயே இருந்து தாங்கும், அப்புறம் உருவிவிடலாம். பட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாசக்கணக்காகும், பையனுக்கோ இருதயம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு வருகிறது, பள்ளிக்கூட லீவிலேயே முடித்துவிடவேண்டும். உடம்புக்குள் வைக்கிற எஃகு பம்பாயிலிருந்து வாங்கியாகிவிட்டது, வளைத்து, முனை மழுக்கி, கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்.

முடியுமுங்க என்றார் நரசிம்மலு. டாக்டர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சட்டைக்குள் கையை விட்டு அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார். இது எழும்பும். முதலில் பட்டை, அப்புறம் பையன், பையனுக்கு நல்லபடியாக ஆனதும் நான் என்று வரிசை போட்டுக்கொண்டார். மூணு நாளைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு. சந்தோசத்தில் பசிக்காமல் போகும் என்று அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது.

அளவுக்காக டாக்டர் ஒரு அச்சு அனுப்பியிருந்தார். மாவுக்கட்டு மாவை அந்தப் பையனின் நெஞ்சில் அப்பி எடுத்தது. நரசிம்மலு அதைச் சாம்பிளாக வைத்து, தகரப் பட்டையில் முதல் மாதிரியை வளைத்தார். எத்தனை நாள் உழைப்பு! குழியின் சரிவு, அடியாழம், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்த வாட்டம், எதையும் விடாமல் அப்படியே பட்டையில் கொண்டுவந்துவிட்டார். அச்சின்மேல் வைத்தால் நடுவே மயிரிழை போகாது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

டாக்டர் பார்த்தார், சிரித்தார். "இருக்கறத எதுக்குங்க பண்ணுனீங்க? இருக்கவேண்டியதையல்லவா பண்ணோணும்."

நரசிம்மலு வெட்கிப் போனார். குழியைத் தூக்குவதற்குப் பட்டை செய்யச் சொன்னால், குழியையே செய்துகொண்டு வந்து நிற்கிற ஆள் இந்தக் கோயமுத்தூரில்தான் கிடைப்பான். சாம்பிளில் ஓட்டை இருந்தால் ஓட்டையையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துப் பழகின கை.

சரி, நல்ல நெஞ்சு எப்படி இருக்கும்? அங்கேதான் சிக்கிக்கொண்டார். நாற்பத்தியொரு வயசு ஆகிறது, இன்னொருத்தர் நெஞ்சில் அவர் கை பட்டதில்லை. பெண்டாட்டி இருந்தால் அவள் தலை சாய்ப்பாள், பிள்ளை இருந்தால் மேலே ஏறிப் படுக்கும், தோஸ்து என்று ஒருத்தன் இருந்தாலாவது கட்டிப் பிடிப்பான். இவருக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்துப் பட்டறையில் போய், தம்பி கொஞ்சம் சட்டையைத் தூக்கு என்று கேட்கவா முடியும்? யோசித்துப் பார்த்துவிட்டு டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனார். துணிக்கடையில் சட்டை மாட்டாத பொம்மை ஒன்று மூலையில் நின்றது. கடைப்பையன் அந்தப்பக்கம் திரும்பின நேரம் பார்த்து, பாக்கெட்டிலிருந்த ஈயக்கம்பியை எடுத்துப் பொம்மையின் நெஞ்சில் அமுக்கி வளைவை எடுத்தார். கடைப்பையன் பார்த்துவிட்டான். என்னங்க பண்றீங்க என்று அவன் கேட்க, இவர் வியர்த்து விறுவிறுத்து, வேண்டாத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பொம்மையோ பயில்வான் பொம்மை. டாக்டர் அந்த வளைவைப் பார்த்துவிட்டு, இது சினிமாக்காரன் நெஞ்சு, இதில் பாதி போதும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்.

மூணாவது மாதிரி சரியாக வந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நரசிம்மலு வாயைத் திறந்தார். தெரிந்தவர் ஒருத்தருக்கு இதே மாதிரி இருக்கிறது, அவருக்கும் பண்ணலாமா என்று கேட்டார்.

"வயசு என்னங்க?"

"நாப்பத்தொண்ணுங்க."

டாக்டர் நிமிரவே இல்லை. இந்த முறை வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் என்றார். பச்சை மூங்கில் வளைகிற மாதிரி அவர்கள் விலா வளையும். நாற்பதுக்கு மேல் காய்ந்த மூங்கில், பட்டையைப் புரட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, நான் தொடமாட்டேன். மூச்சுக்குப் பெரிய தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம், உயிருக்கு ஒன்றுமில்லை என்று உங்கள் சிநேகிதரிடம் சொல்லுங்கள் என்றார்.

"சொல்லீர்றனுங்க" என்றார் நரசிம்மலு.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். பட்டறைக்கு வந்து பம்பாய் எஃகை வைஸ் பிடியில் மாட்டினவர், ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ரெண்டாக அறுத்துப் போட்டுவிட்டு, எஃகு கெட்டுப்போச்சுங்க என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? முகம் தெரியாத அந்த ஆனைமலைப் பையன்மேல் அவருக்குப் பொறாமை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பொறாமைதான். இருபத்தைந்து வருசம் பிந்திப் பிறந்தான் என்பதைத் தவிர அவன் என்ன பெருசாகச் செய்துவிட்டான்? அப்புறம் ரம்பத்தை வைத்துவிட்டு அரத்தை எடுத்தார். பதினோரு நாள் அந்தப் பட்டையோடு உட்கார்ந்தார். விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டக்கூடாது, பையனின் உள்சதையில் கிழிக்கக்கூடாது. கடைசியில் தன் முகம் அதில் தெரிகிறவரைக்கும் தேய்த்தார்.

ஆபரேசனுக்கு முதல்நாள் மத்தியானம் பட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கொடுத்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் எண்ணம். ரூமுக்குள் ஒரே மல்லுக்கட்டாக இருந்தது. பையன் அருள்குமார் கட்டில்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா சுப்பண்ணன், தென்னந்தோப்புக்காரர், தோள்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆபரேசன் வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்று பையன் காலையிலிருந்து ஒரே பிடியாக நிற்கிறானாம். அங்கேயே நின்றிருந்த டாக்டரும் நர்ஸும் சொல்லிப் பார்த்தாயிற்று. மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது சாமி என்று அப்பா சொல்லச் சொல்ல, அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நரசிம்மலு அவனைப் பார்த்தார். வெளியே அத்தனை வெயில், கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. காலருக்குக் கீழே ரெண்டு பனியன் விளிம்பு தெரிந்தது.

"சட்ட போட்டா ஒண்ணுமே தெரியறதில்லீங்கப்பா," என்றான் பையன். "நான் எப்பவும் போட்டுட்டே இருந்துக்கறனுங்க. ஆரு கேக்கறாங்க?"

அப்பாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. அந்த ரூமில் பதில் தெரிந்த ஆள் ஒருத்தர்தான், அவர் கதவோரம் துணிப்பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். முதல் பொத்தானைக் கழற்றும்போதே விரல் வழுக்கியது. சட்டையைக் கழற்றி, ஒரு பனியனைக் கழற்றி, அடுத்ததையும் தலைவழியாக உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா செத்த பிற்பாடு அந்த நெஞ்சை ஒரு மனுசர் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஃபேன் காற்று நேராக நெஞ்சில் பட்டது, அதுவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். அந்தச் சிநேகிதர் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பையன் வெகுநேரம் பார்த்தான். கட்டிலைவிட்டு இறங்கிக் கிட்டே வந்து பார்த்தான். அப்புறம் மரியாதையாகத்தான் கேட்டான், கொங்குநாட்டுப் பிள்ளை அல்லவா.

"ஏனுங்க, உங்க ஊட்டுல ஆரெல்லாம் இருக்காங்க?"

அக்கா இருக்கிறாள் சூலூரில், பங்காளிகள் இருக்கிறார்கள், சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் அந்தப் போத்தனூர் டீச்சரம்மாவைக்கூடச் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. பையன் கண்ணை எடுக்காமல் நின்றான்.

"ஆருமில்ல கண்ணு" என்றார்.

பையன் அப்பாவிடம் திரும்பினான். "நாளைக்கே பண்ணிரலாங்கப்பா," என்றான்.

அவ்வளவுதான், ரூமே கலகலவென்று ஆகிவிட்டது. சுப்பண்ணன் ஆனைமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நர்ஸ் கையெழுத்துக் காகிதத்தை எடுக்க ஓடினாள். டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அருமைங்க, அருமைங்க என்றார். வெற்றுடம்போடு நிற்கிறவரைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அவராகவே மூலைக்குத் திரும்பி நின்று, ஒரு பனியன், இன்னொரு பனியன், சட்டை என்று போட்டுக்கொண்டார். நல்லதுதான் நடந்திருக்கிறது, சந்தோசப்படவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அந்தப் பையனுக்குக் கத்திமேல் இருந்த பயம் போனது தைரியத்தால் அல்ல, இந்த மாதிரி ஆகிவிடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம் வந்ததால். அது அவருக்குப் புரியாமல் இல்லை. படியிறங்கும்போது ரெண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பூராவும் லேத்தை ஓட்டினார், ஒரு வேலையும் உருப்படவில்லை. ஆபரேசன் என்ன ஆயிற்றென்று சொல்லி அனுப்ப யாரும் இல்லை. போன் பண்ணிக் கேட்கலாம். நாம் யார் கேட்கிறதுக்கு என்று விட்டுவிட்டார். பையன் ஊருக்குப் போகும்போது ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவான் என்று மட்டும் பத்துநாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாம் நாள் பக்கத்து எஸ்.டி.டி பூத் உம்மல் குல்சும், உங்களுக்குப் போனுங்கண்ணா என்று சுவரைத் தட்டினார். டாக்டர்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம், நெஞ்சு அழகாக எழும்பிவிட்டதாம், பையன் முந்தாநாளே ஆனைமலை போய்விட்டானாம். நரசிம்மலு, சரிங்க, ரொம்பச் சந்தோசமுங்க என்றார். இன்னும் மூணு பட்டை வேண்டும் என்றார் டாக்டர். செஞ்சர்றனுங்க என்றார் இவர். அதற்கப்புறமும் டாக்டர் போனை வைக்கவில்லை.

"திருப்பூர்ல இருந்து ஒரு பையன் வந்திருக்கானுங்க. பதினஞ்சு வயசு. ஆபரேசனுக்கு ஒத்துக்கவே மாட்டேங்கறான்," என்றார். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க நரசிம்மலு. நீங்க மறுபடி ஒருக்கா வந்து..."

பூத்துக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உம்மல் குல்சும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரசிம்மலு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எத்தன மணிக்குங்க வரட்டும்?" என்று கேட்டார்.